மாக்கோழியும் வெண்கலப் புலியும்

ஓர் உயிர் மற்றோர் உயிரைக் கொல்லும் காட்சியைக் கைத்திறன் மிக்க ஒருவர் உலோகத்தில் வடித்து வைக்கிறார். நாம் அதைக் கண்டு வியக்கிறோம். அங்கே கொலை நிகழவில்லை, குருதி சிந்தவில்லை, இருப்பது செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம் மட்டுமே. அப்படியிருக்க, அந்த வியப்பினால் நமக்கு வினைக்கட்டு உண்டா, இல்லையா? கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட குடும்பங்களில் பிறந்த நாம் இக்கேள்வியை 'வெறும் பொம்மைதானே' என்று தள்ளிவிட இயலாது. ஏன் இயலாது என்பதைப் பின்னர்க் கூறுவேன். முதற்கண் அந்தப் பொம்மைகளைப் பற்றியும் அவற்றைச் செய்தோரைப் பற்றியும் அறிந்துகொள்வோம்.

பாரிஸ் நகரில் 1831ஆம் ஆண்டு நடைபெற்ற சலோன் என்னும் பெருங்கலைக் கண்காட்சியில் அந்த்வான் லூயி பாரி என்பவர் ஒரு சிற்பத்தை வைத்தார். புலி ஒன்று முதலையைத் தின்னும் காட்சி அது. சற்றேறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள அதன் வெண்கல வார்ப்பு இன்று லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளது. புலி தரையோடு தரையாகப் படிந்து, முன்கால்களால் இரையை அழுத்திக் கடிக்கிறது. முதலை உடலை வளைத்துத் திமிறுகிறது. அம்முதலை நம் நாட்டது. கங்கை முதலிய வடநாட்டு ஆறுகளில் வாழும் நீண்ட மூக்குடைய கரியால் என்னும் இனம். மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள முதலைப் பண்ணையில் நம் குழந்தைகள் இதனைப் பார்த்திருப்பார்கள். புலியும் நம் நாட்டதே. ஆனால் இவ்விரண்டையும் வடித்தவர் இந்திய மண்ணை மிதித்தவர் அல்லர்.

முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயர் இவருக்கு வாய்த்திருப்பது மொழிகளின் விளையாட்டு. இந்தப் பாரி 1795இல் பிறந்தவர். பொற்கொல்லர் ஒருவரிடம் சிறு விலங்குருவங்கள் செய்து பிழைத்தவர். பாரிஸ் தாவரத் தோட்டத்தை ஒட்டி, பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அமைந்த விலங்குக் காட்சிசாலை ஒன்று உண்டு. வெர்சாய் அரண்மனையில் எஞ்சியிருந்த அரசருடைய விலங்குகளும் அங்குக் கொண்டுவரப்பட்டன. பாரி ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு நாள்தோறும் அங்குச் சென்றார். கூண்டுக்கு வெளியே நின்று வரைந்தார். எலும்புக் கூடுகளை அங்குலம் அங்குலமாக அளந்து குறித்துக்கொண்டார். அக்காலத்தில் தேவர், அரசர், வீரர் ஆகியோரின் உருவங்களே உயர்ந்த சிற்பம் என்று மதிக்கப்பட்டன. விலங்கை மட்டும் வடிப்பவரை 'அனிமாலியே' என்று ஏளனமாக அழைத்தார்கள். அந்த ஏளனச் சொல்லே பின்னர் ஒரு கலைமரபின் பெயராக நிலைத்தது.

அம்மரபில் வந்தோர் பலர். வேட்டை நாய்களையும் குதிரைகளையும் தம் சொந்தப் பட்டறையிலேயே வார்த்து விற்ற பியேர் ழூல் மேன் ஒருவர். காளைகளை வடித்த இசிதோர் பொனர் மற்றொருவர். அவருடைய தமக்கை ரோசா பொனர் ஓவியத்தில் உலகப் புகழ் பெற்றார். 1865இல் பிரெஞ்சு அரசின் லெஜியோன் தோனர் விருதைப் பெற்ற முதற்பெண் கலைஞர் அவர். பிற்காலத்தில் வந்த பிரான்சுவா பொம்போன் 1922இல் காட்சிக்கு வைத்த வெண்கரடி, நகமும் மயிரும் காட்டாமல் வழுவழுப்பான உருவத்தினாலேயே நடக்கிறது. இவர்களுடைய படைப்புகளிற் பல, கையடக்கமானவை. செல்வர் வீடுகளில் கணப்படுப்பின் மேல் மாடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கவை. ஆலை முதலாளிகளும் வணிகர்களும் புதுப்பணம் கண்ட காலம் அது. வெண்கலச் சிங்கங்கள் நன்கு விலைபோயின. ஆயினும் பாரி கணக்கு வழக்கில் தேர்ந்தவர் அல்லர். 1848இல் கடனில் மூழ்கித் தம் அச்சுகளையும் இழந்தார். 1854இல் அதே தாவரத் தோட்டத்து அருங்காட்சியகத்தில் விலங்கு வரைதல் கற்பிக்கும் ஆசிரியரானார். ஓர் ஆசிரியை என்ற முறையில் இச்செய்தி எனக்குப் பெரிதும் பிடித்திருக்கிறது.

என் பேரன் பாரிஸ் சென்றபோது அந்தப் புலியைப் படம் எடுத்துச் சட்டமிட்டு, ராஜபாளையத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கூடத்தில் மாட்டலாம் என்றான். மருமகள் கூடாது என்றாள். இருவர் சொல்வதிலும் நியாயம் இருந்தபடியால் இதைப் பற்றி எண்ணத் தொடங்கினேன்.

மருமகளின் பக்கம் நிற்பது யசோதரன் கதை. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தை நம் வீடுகளில் அறியாதார் இலர். தீக்கனாக் கண்ட மன்னன் யசோதரனைத் தேவிக்கு உயிர்ப்பலி தருமாறு அவன் தாய் சந்திரமதி வற்புறுத்துகிறாள். அவன் மறுக்கிறான். தாயும் மகனும் ஒரு நடுவழி காண்கிறார்கள்: மாவினால் கோழி ஒன்று செய்து அதைப் பலியிடுவது. அவ்வளவே. அதன் பயனாக அவன் மயிலாகவும் மீனாகவும் ஆடாகவும் கோழியாகவும், அவள் நாயாகவும் பாம்பாகவும் முதலையாகவும் பிறந்து பிறந்து வெட்டுப்பட்டார்கள். உயிரைக் கொல்லும் திரவிய ஹிம்சை ஒருபுறம் இருக்க, எண்ணத்தால் கொல்லும் பாவ ஹிம்சை என்று ஒன்று உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் கதை வேறில்லை. பாவம் என்ற சொல் ஈண்டுத் தீவினையைக் குறிக்கவில்லை. மனத்தின் நிலையைக் குறிக்கிறது. விலங்குருவில் செய்த சர்க்கரைப் பொம்மையையும் பிஸ்கட்டையும் குழந்தைகளுக்குக் கொடுக்காத பாட்டிமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 'யானையின் தலையைக் கடித்துவிட்டேன்' என்று குழந்தை சொல்லிச் சிரிக்கும்போது அந்தப் பாட்டியின் அச்சம் எனக்கு விளங்குகிறது.

இதன் மறுபக்கத்தையும் ஒருமுறை கண்டிருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எங்களுக்குக் களிமண் வேலை ஒரு பாடமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் செய்த உருவத்தைப் பிசைந்து தொட்டியில் போட்டுவிட வேண்டும். மாம்பழமும் குடமும் செய்த நாங்கள் தயங்காமல் பிசைந்துவிட்டோம். கன்றுக்குட்டி செய்திருந்த தோழி ஒருத்தி மட்டும் அதனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பின்னர் அதன் மேல் நீரை ஊற்றி, அது தானே கரையும்படி விட்டுவிட்டாள். மண் மண்தான் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். தன் விரல் அதன் கழுத்தின் மேல் பதியும்போது தன் மனம் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே உருவம் என்பது வெறும் உருவம் அன்று. இதுவரை மருமகள் வாதமே வெல்கிறது. ஆனால் மாக்கோழிக்கும் வெண்கலப் புலிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. யசோதரன் கையில் வாள் இருந்தது. வெட்டுவதற்காகவே அக்கோழி செய்யப்பட்டது. அதனை வெட்டுதலே சங்கற்பம். பாரியின் புலியை நாம் ஏவவில்லை. முதலையை நாம் பலியிடவில்லை. காட்டில் நாள்தோறும் நிகழும் ஒன்றை அவர் காட்டினார், நாம் கண்டோம். காண்பதும் செய்வதும் ஒன்றாகுமா?

இவ்விடத்தில் நம் ஆசாரியர்கள் நுட்பமான கோடு ஒன்று கிழித்திருக்கிறார்கள். ரௌத்திர தியானத்தின் வகைகளுள் இம்சானந்தம் என்பது ஒன்று. கொல்லுதல் அன்று, கொலையில் களித்தல். சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அனர்த்த தண்ட விரதத்தைக் கூறும்போது, பயனின்றி மனத்தைத் தீயவற்றில் உலவ விடுதலையும், உள்ளத்தைக் கலக்கும் கதைகளைக் கேட்டலையும் விலக்குகிறார். தமிழில் அருங்கலச்செப்பும் அவ்வழியே செல்கிறது. எனவே கேட்க வேண்டிய கேள்வி 'இச்சிற்பத்தில் கொலை இருக்கிறதா' என்பதன்று. 'இதைக் காணும்போது என் உள்ளம் களிக்கிறதா' என்பதே. அப்படிக் கேட்டுக்கொண்டு அப்படத்தை மீண்டும் பார்த்தேன். பசித்த ஒரு விலங்கின் முதுகெலும்பும் தோள்பட்டையும் எவ்வளவு கடுமையாக உழைக்கின்றன என்பதே எனக்குத் தெரிந்தது. புலியிடம் பகை இல்லை. முதலையும் இழிவுபடுத்தப்படவில்லை, அதன் ஒவ்வொரு செதிலையும் சிற்பி மதித்துச் செய்திருக்கிறார். உண்ணும் பொருட்டுக் கொல்லப் பிறந்த பிறவியின் துயரத்தை, திரியக்கதி என்று நாம் ஏட்டில் படிப்பதை, அவர் உலோகத்தில் காட்டிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. அவர் அவ்வாறு எண்ணிச் செய்தாரா என்பது வேறு.

ஆனால் அதே பாரி 1834இல் தொடங்கிச் செய்த மற்றொரு படைப்பை என்னால் ஏற்க இயலவில்லை. மன்னர் லூயி பிலிப்பின் மூத்த மகனான ஓர்லியான்ஸ் கோமகனின் விருந்து மேசையை அலங்கரிப்பதற்காக ஐந்து வேட்டைக் காட்சிகளை அவர் வெண்கலத்தில் செய்தார். அவற்றுள் நடுநாயகமானது புலி வேட்டை: யானை மேல் அமர்ந்தவர்கள் புலிகளைத் தாக்குகிறார்கள். மற்றவை சிங்கம், கரடி, காட்டெருது, கடமான் ஆகியவற்றின் வேட்டைகள். கைவண்ணத்தில் இவை புலி முதலைச் சிற்பத்துக்குச் சிறிதும் குறைந்தவை அல்ல. சலோன் நடுவர்கள் இவற்றை ஏற்க மறுத்ததனால் மனம் புண்பட்ட பாரி, அக்கண்காட்சிப் பக்கமே பல ஆண்டுகள் செல்லவில்லை. இவை இன்று அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. இங்கே கொல்பவன் மனிதன். அவனுக்குப் பசியில்லை. அதைக் காண்பவர்களும் விருந்துண்டுகொண்டே, பொழுதுபோக்காகக் காண்பவர்கள். இம்சானந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான மேசை அலங்காரம் ஏது? பொதுவாக மக்கள் இதற்கு நேர்மாறாக உணர்கிறார்கள். புலி முதலையைத் தின்பது அருவருப்பு என்றும், குதிரையும் யானையும் வீரரும் நிறைந்த வேட்டை கம்பீரம் என்றும் சொல்வார்கள். என் தராசு அப்படி நிறுக்கவில்லை.

மேன் செய்த நாய்களைப் பற்றியும் ராஜபாளையத்துக்காரி ஒரு சொல் கூறாமல் இருக்க இயலாது. எங்கள் ஊரின் பெயர் தாங்கிய வெள்ளை நாய் பன்றி வேட்டைக்குப் பெயர் பெற்றிருந்த இனம். 2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாயினங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது அவற்றுள் ஒன்றாக இதுவும் இடம்பெற்றது. இன்று அது தோப்பையும் வீட்டையும் காக்கிறது. புதரில் பதுங்கிய கௌதாரியை நோக்கி நிற்கும் மேனின் நாய்களைப் படத்தில் பார்த்தபோது, ஒரு கணம் எங்கள் தெரு நினைவுதான் வந்தது. அடுத்த கணம் அந்தக் கௌதாரியின் நினைவு வந்தது. நாயைப் பழக்கியவனின் கை அச்சிற்பத்தில் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதுதான் அதில் உள்ள ஏமாற்று.

இனி அறிவின் விலையைப் பற்றியும் பேசியாக வேண்டும். பாரியின் புலி அவ்வளவு உயிரோட்டமாக இருப்பதற்குக் காரணம், அவர் பிணங்களை அறிந்திருந்தது. காட்சிசாலையில் சிங்கம் ஒன்று இறந்தபோது அவரும் அவர் நண்பரான ஓவியர் தெலக்ருவாவும் விரைந்து சென்று, அதன் உடலை வரைந்து பயின்றார்கள். ரோசா பொனர் இறைச்சிக் கூடங்களுக்குச் சென்று தசையையும் நரம்பையும் கற்றார். அத்தகைய இடங்களுக்குப் பாவாடையோடு செல்ல இயலாமையால் ஆண் உடை அணியக் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டுப் பெற்றிருந்தார். தாமே இறந்த விலங்கிடம் கற்பதில் பழுதில்லை. கொல்லப்படும் இடத்தில் நின்று கற்பது என்னால் ஆகாதது. ஆயினும் அவர் அங்கே நிற்பதனால் கொலை ஒன்று கூடுதலாக நிகழவில்லை என்பதையும் மறுக்க இயலவில்லை. கூண்டுகளைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. 1870இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டு உணவு அற்றபோது, நகரத்தார் பேரன்போடு பார்த்து வந்த காட்சிசாலை யானைகள் இரண்டைக் கொன்று இறைச்சியாக விற்றார்கள். அப்போதும் செல்வர் வீட்டு மாடங்களில் வெண்கல யானைகள் பத்திரமாக நின்றிருக்கும்.

நம் பக்கத்துச் சிற்பிகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ராஜபாளையத்திலிருந்து பேருந்தில் சிறிது நேரத்தில் சென்றடையக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆண்டாள் கோயில் மண்டபத் தூண்களில் யாளிகள் எழுந்து நிற்கின்றன. யாளியை எவரும் கூண்டில் அடைக்கவில்லை, அறுக்கவில்லை, அளக்கவில்லை. அது சிற்பியின் உள்ளத்திலேயே பிறந்து உளியின் வழியே வெளிவந்தது. ஆனால் அதே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையில் மெய்யான புலிகள் உலவுகின்றன. 1988இல் சாம்பல் நிற அணில்களுக்காக அமைந்த சரணாலயம், 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. புலியைக் காப்பது என்றால் அது மானைக் கொல்வதற்கு இடம் விட்டு வைப்பது என்றே பொருள். கொல்லாமை பேசுவோர் இதனை எப்படி வரவேற்கலாம் என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். புலியின் வினையைப் புலி சுமக்கும். அதன் வாழிடத்தை அழித்து அதனைப் பட்டினி போடும் வினையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்றேன். அவர் முழுவதும் உடன்படவில்லை.

பிறரைத் தராசில் வைத்தது போதும். நம் கோயில் வார்ப்புகளையும் வைத்துப் பார்ப்போம். சுவாமிமலை முதலிய இடங்களில் சிற்பிகள் சிலை வார்க்கும் முறை யாவரும் அறிந்ததே. தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சி, அக்கலவையில் உருவத்தைச் செய்வார்கள். அதன் மேல் வண்டல் மண் பூசி உலர்த்துவார்கள். நெருப்பில் காட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். நம் ஜினாலயங்களில் உள்ள ஐம்பொன் திருவுருவங்களும் மெழுகு வார்ப்பில் வந்தவையே. கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குவது சிராவகரின் மூல குணங்களுள் அடங்கும். தேனை நாவில் வைக்க அஞ்சும் நாம், தேனடையைப் பிழிந்தெடுத்த மெழுகில் அருகனுக்கு உருச் சமைத்திருக்கிறோம். பாரியின் அந்தப் புலியை 1832இல் கொனோன் என்ற வார்ப்பாளரும் மெழுகு முறையில்தான் வார்த்தார். ஆனால் அந்நூற்றாண்டின் சிறு பிரெஞ்சு வெண்கலங்களுள் மிகப் பல, மணல் அச்சில் வார்க்கப்பட்டவை. நுண்மணலை இறுக்கி, அதில் மூல உருவை அழுத்தி அச்செடுத்து, பகுதி பகுதியாக வார்த்துப் பின்னர் இணைப்பார்கள். தேனீயின் கணக்கை மட்டும் பார்த்தால், கொடிய சிங்கம் நம் சாந்த உருவத்தைவிடக் குறைந்த வினையோடு பிறந்திருக்கலாம்!

இதற்கு விடை இல்லாமல் இல்லை. வழிபாட்டில் நேரும் சிறு ஆரம்ப ஹிம்சையைச் சமந்தபத்திரர் கடலில் விழுந்த நஞ்சுத் துளிக்கு ஒப்பிட்டார். புண்ணியக் கடலை அத்துளி கெடுத்துவிடாது. அவ்வுவமையை நான் பணிவோடு ஏற்கிறேன். கடலுக்கு அது துளிதான். தேனீக்கு அது துளியன்று என்ற எண்ணமும் கூடவே எழுகிறது. இக்காலத்தில் பட்டறைகளில் பாரஃபின் மெழுகும் பயன்படுகிறது. புதுத் திருவுருவம் வார்க்கக் கொடுக்கும் கோயிற்குழுவினர் எந்த மெழுகு என்று ஸ்தபதியிடம் ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை.

விலங்குச் சிற்பியருள் என் உள்ளத்தைப் பெரிதும் தொட்டவர் ரெம்ப்ராண்ட் புகாத்தி. 1884இல் இத்தாலியில் பிறந்து பாரிஸிலும் பெல்ஜியத்து ஆண்ட்வெர்ப் நகரிலும் வாழ்ந்தவர். ஆண்ட்வெர்ப் விலங்குக் காட்சிசாலையில், விலங்குகளின் எதிரிலேயே அமர்ந்து களிமண்ணிலும் பிளாஸ்டிசீனிலும் அவற்றை உருவாக்கினார். அவர் செய்தவை பெரும்பாலும் கொல்லும் விலங்குகள் அல்ல. நிற்பவை, நடப்பவை, ஒன்றையொன்று முகர்பவை. 1914இல் முதல் உலகப் போர் வந்தது. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் கொடிய விலங்குகள் ஊருக்குள் வந்துவிடும் என்று அஞ்சி அவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். 1916 சனவரியில், 31 வயதில், புகாத்தி தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு வேறு துயரங்களும் காரணமாக இருந்தன. அவருடைய வெண்கலச் சிறுத்தைகள் ஏலங்களில் இன்று பெருந்தொகைக்கு விற்கின்றன. அவை எவருடைய முகங்கள் என்று வாங்குவோர் எண்ணுவதுண்டோ, யான் அறியேன்.

பேரனுக்கும் மருமகளுக்கும் நான் சொன்ன தீர்ப்பு இதுதான்: படம் கூடத்தில் இருக்கலாம், பூசையறைக்கு எதிரில் வேண்டாம், விருந்தினர் வந்தால் அதன் கதையைச் சொல்ல வேண்டும். மருமகள் இசைந்தாள். கைப்பேசியில் சுட்டுச் சுட்டு விளையாடும் பிள்ளைகளைப் பற்றி அவள் எழுப்பிய எதிர்க்கேள்வி இன்னும் தீர்க்கப்படவில்லை. அங்கே கையில் வாள் இருக்கிறது என்பதால், யசோதரன் கதை அதற்குத்தான் மிக நெருக்கமாகப் பொருந்தும் என்பது என் கருத்து.

கொலைக் காட்சியையே வடிக்கலாகாது என்று விதித்தால் நம் முன்னோரும் அவ்விதிக்குள் அடங்கார். மதுரைக்கு அருகே சமணர் மலையில், செட்டிப்புடவுக் குகையில், யட்சி சிங்கத்தின் மேல் அமர்ந்து வில்லை வளைக்கிறாள். எதிரே யானை மேல் ஒருவன் வாளும் கேடயமுமாக வருகிறான். வர்த்தமானர் முற்பிறவியொன்றில் சிங்கமாக இருந்த வரலாற்றை ஸ்ரீபுராணம் படித்தோர் அறிவர். மானைப் பற்றிய அச்சிங்கத்துக்குச் சாரண முனிவர் இருவர் அறம் உரைத்தனர். அது ஊன் துறந்து நோன்பிருந்து உயிர் நீத்தது. மான் அதன் வாயில் இல்லையென்றால் முனிவர் உரைக்க என்ன இருந்தது? பாரி நிறுத்திய இடம் முனிவர் வருவதற்கு முந்திய கணம்.

ராஜபாளையத்திலிருந்து தெற்கே சங்கரன்கோவில் வழியாகச் சென்றால் கழுகுமலை வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அருகன் திருவுருவங்கள் வரிசை வரிசையாகப் பாறையில் அமர்ந்திருக்கும் அவ்விடத்தில் அம்பிகை யட்சியின் உருவம் ஒன்று உண்டு. துறவிக்கு உணவளித்த குற்றத்துக்காகக் கணவனால் விரட்டப்பட்டவள், பின்னர் யட்சியானவள். அக்கணவனே மறுபிறவியில் அவளைச் சுமக்கும் சிங்கமானான் என்பது வரலாறு. பாறையில் அவள் ஒசிந்து நிற்கிறாள். ஒரு கை சிறுமியின் தலை மேல் இருக்கிறது. ஒருபக்கம் அச்சத்தில் கையை உயர்த்திய ஆடவன் நிற்கிறான். அவனைக் கணவன் என்றே அறிஞர்கள் கொள்கிறார்கள். மறுபக்கம் சிங்கம். அது எதையும் கடிக்கவில்லை, எதன் மேலும் பாயவில்லை. அதன் உடலை எவரும் அளந்து செய்ததாகவும் தெரியவில்லை. கால்கள் சற்றே குட்டையாக இருக்கின்றன.